குட்டைத் துவக்கும் ஒரு கையெழுத்தும்

நீக்கிலாசுக்குத் துவக்குப் பிடிக்காது. பாசையூரில் பிறந்து, சண்டைக்குள்ளே வளர்ந்து கனடாவுக்கு வந்தவனுக்கு அது பிடிக்க ஒரு நியாயமும் இல்லை. ஆனால் வோல்ரரைப் பிடிக்கும்.

வோல்ரர் ஸ்காபரோவில் நானும் நீக்கிலாசும் வேலை செய்யும் இரும்புப் பக்ரறியின் பழைய போர்மன். நீக்கிலாஸ் என்ற பெயரை 'நிக்' என்று வெட்டாமல் முழுதாகச் சொன்ன ஒரே வெள்ளைக்காரன். ஓய்வெடுத்த பிறகு மனிசனுக்கு முழங்கால் போய்விட்டது, கார் ஓட்ட முடியாது. சனிக்கிழமைகளில் அவரைச் சுடும் கிளப்புக்கு ஏற்றி இறக்கியது நீக்கிலாஸ்தான். கிழவன் சுடுவார். இவன் பின்னால் இருந்து, கடதாசியில் ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்துப் பகிடி விடுவான். வீட்டுக்கு வந்தால் மனைவி கிறிஸ்ரினா வாசலிலேயே போட்டிருக்கும் சேட்டைக் கழற்றச் சொல்லுவா. வெடிமருந்து மணக்கும் சேட்டைத் தனியாகத் தோய்ப்பா.

போன மாரியில் வோல்ரர் செத்துப்போனார். துவக்கை நீக்கிலாசுக்குக் கொடுக்கச் சொல்லி உயில் எழுதியிருந்தார். அதைச் சொன்னது அவருடைய மகள் ஷேரன். நீக்கிலாஸ் லைசென்ஸ் எடுத்துத் தன் பெயரில் பதிந்தால் துவக்கு அவனுக்கு. இல்லாவிட்டால் பொலிசைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடவேண்டும். அவர்கள் அதை அழித்துவிடுவார்கள்.

"கிழவன்ர கைபட்ட சாமானடா. அதை உருக்க விடுறதோ?" என்று நீக்கிலாஸ் என்னிடம் கேட்டான்.

குழல் குட்டையான துவக்கு. அந்த வகைக்குச் சட்டக் கெடுபிடியும் அதிகம். இரண்டு வகுப்புக்குப் போனான், பெடியங்களுக்கு நடுவில் நரைத்த தலையோடு இருந்து சோதனை எழுதிப் பாஸ் பண்ணினான். பிறகு மல்வேர்னில் ஒரு கோப்பிக்கடையில் இருந்து நானும் அவனும் படிவங்களை நிரப்பினோம்.

"இதென்னடா, ரெண்டு அளவு எழுதிக் கிடக்கு? கிழவன் ரெண்டு துவக்கு வச்சிருந்தவரோ?" என்று கேட்டேன்.

"துவக்கு ஒண்டுதான். குழல்தான் ரெண்டு. சின்னச் சன்னத்துக்கு ஒண்டு, பெரிசுக்கு ஒண்டு. மாத்தி மாத்திப் பூட்டலாம்."

"அப்ப பதியிறதும் ரெண்டோ?"

"போன் அடிச்சுக் கேட்டனான். பதிவு ஒண்டுதானாம். ஆனா ரெண்டு குழலையும் காட்டவேணுமாம்."

"என்ர கலியாணத்தைப் பதியேக்கையும் இவ்வளவு பேப்பர் இல்லை, மச்சான்."

"அதிலை மாத்திப் பூட்ட ஏலாதுதானே" என்றான்.

அவனை நல்லாகத் தெரியும் என்று உறுதி சொல்லும் இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். இன்னுமோர் இடம் மனைவிக்கு. அந்த இடத்தோடு எங்கள் சிரிப்பு நின்றது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிறிஸ்ரினா கையெழுத்துப் போடவில்லை.

"நீங்கள் அனுப்புங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா என்ர கையாலை எழுதமாட்டன்" என்றாவாம்.

அவன் வற்புறுத்தவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பினான். கொஞ்ச நாளில் லைசென்ஸ் கொடுக்கும் கந்தோரில் இருந்து ஒரு பெண் அதிகாரி கிறிஸ்ரினாவுக்குப் போன் எடுத்தா. கணவனைக் கண்டால் பயமா, வீட்டில் அடிதடி உண்டா என்று கேட்டாவாம்.

"அவரிலை எனக்குப் பயமில்லை. துவக்கிலைதான் பயம்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லியிருக்கிறா கிறிஸ்ரினா.

ஏன் என்று அதிகாரி கேட்க, கதை வெளியே வந்தது. சின்ன வயதில் கிறிஸ்ரினாவின் தம்பி கடற்கரையில் சன்னத்தின் வெறும் கோது ஒன்றைப் பொறுக்கிவந்து விளையாட்டுச் சாமான்களோடு வைத்திருந்தான். சுற்றிவளைப்பில் ஆமி அதைக் கண்டது. தகப்பனைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த தகப்பன் பிறகு யாரோடும் சத்தமாகக் கதைத்ததில்லை. மாமனாரைப் பிடித்தது நீக்கிலாசுக்குத் தெரியும். ஒரு வெறும் கோதுக்காகத்தான் பிடித்தார்கள் என்பதை, குசினி வாசலில் நின்று அன்றைக்குத்தான் கேட்டான்.

போனை வாங்கி, தனக்கு லைசென்ஸ் வேண்டாம், விண்ணப்பத்தை நிப்பாட்டுங்கள் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் வேலையில் வைத்து இதைச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது.

"விசரோடா உனக்கு? படிச்சுப் பாஸ் பண்ணிப்போட்டு விடுறியோ? அந்த மனிசன் உனக்கெண்டெல்லோ எழுதி வச்சது!"

"வோல்ரர் செத்திட்டார், மச்சான். இவள் உயிரோடை இருக்கிறாள்."



ஷேரன் வீட்டுக்குப் பொலிஸ் வந்து துவக்கை எடுப்பதாக ஏற்பாடு. ஷேரன் தனியாக நிற்கக்கூடாது என்று நீக்கிலாஸ் புறப்பட்டான். நான் காரைக் கொண்டுபோனேன். பார்த்தால், கிறிஸ்ரினாவும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினா.

"நீர் வரத் தேவையில்லை. பொலிஸ் உடுப்புப் போட்ட ஆக்கள் வருவினம்" என்றான் நீக்கிலாஸ்.

"உங்களைத் தனிய விடேலாது. காரை எடுங்கோ அண்ணை" என்றா என்னிடம்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். இரண்டு குழலும் ஏன் என்று ஒருவர் கேட்க, நீக்கிலாஸ் விளங்கப்படுத்தினான். கிறிஸ்ரினா அவன் கையைப் பிடித்தபடி, அந்தச் சீருடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றா. ஓர் அடி பின்னுக்குப் போகவில்லை. பெட்டியைப் பூட்டி, ஷேரனிடம் ரசீதுத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஷேரன் அழத் தொடங்கினா. கிறிஸ்ரினா போய்க் கட்டிப்பிடித்து, "உம்மட அப்பா நல்ல மனிசன். என்ர மனிசனை நல்லாப் பாத்தவர்" என்று இங்கிலிசும் தமிழுமாகச் சொன்னா. அங்கே நிற்க ஏலாமல் நான் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினேன்.

திரும்பி வரும்போது நீக்கிலாஸ் முன்சீட்டில் இருக்கவில்லை. பின்னால் மனைவிக்குப் பக்கத்தில் ஏறினான்.

"அவ்வளவு நேரம் நிண்டீர், உமக்குக் கை நடுங்கேல்லையோ?" என்று கேட்டான்.

"நடுங்கினதுதான். பிடிச்சுக்கொண்டு நிண்ட உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"என்ரையும் நடுங்கினது. அதாலை தெரியேல்லை."