தைமியின் நீலப் புள்ளி

தைமி எங்கள் துர்க்கு நகரத்துச் செய்தித்தாளில் பிழை திருத்துகிறவள். பனி விழத் தொடங்கிய மாதத்திலிருந்து அவளுக்கு ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் ஒரு நிழலெழுத்து மிதக்க ஆரம்பித்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்பாள். ஆனால் அவளுடைய அம்மாவும் வயதான காலத்தில் இதையேதான் சொன்னாள். புத்தி தடுமாறுகிறது என்று வீடே முடிவு கட்டியது; அம்மா அதற்கப்புறம் பேப்பரைத் தொடவில்லை. தனக்கும் அதுதானோ என்று தைமிக்குப் பயம்.

கோளாறு கண்ணிலா, தலையிலா என்று தெரிந்துகொள்ளத்தான் கண்ணசைவை ஆராயும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மோவாயைத் தாங்கியில் வைத்து அவள் மெதுவாகப் படிக்க, என் திரையில் வலது கண் சிவப்புப் புள்ளியாகவும் இடது கண் நீலப் புள்ளியாகவும் வரியின்மேல் தத்தித் தத்திப் போயின. சன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டு, பஞ்சுப் பனி. எனக்கே கண் சொக்கியது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் போகுது. ஒரு கோளாறும் இல்லை," என்றான் ஆராய்ச்சி மாணவன் இல்மரி, நல்ல சேதி சொல்கிற நினைப்பில்.

தைமி வெளிறிப் போனாள். "அப்போ தலையிலதான்."

இடியே விழுந்தாலும் எங்கள் ஊரில் காபி நேரம் தப்பாது. மேசையில் தைமி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ரொட்டி உறையை வாசித்தாள்.

"ஏம்மா கண்ணைப் பொத்துறே?" என்றேன்.

"ஒத்தைக் கண்ணுல பார்த்தா நிழல் போயிடுது."

எனக்குச் சுருக்கென்றது. "இல்மரி! படிக்க வைக்கிறதுக்கு முன்னாடி, மெஷின் கண்ணைப் பழகிக்கிறதுக்காகத் திரையில ஒரு புள்ளியைப் பாக்கச் சொன்னியே, ரெண்டு கண்ணையும் சேர்த்தா, தனித்தனியாவா?"

"சேர்த்துத்தான்... சீக்கிரம் முடியுமேன்னு..."

"அட மண்டு! ரெண்டும் ஒரே இடத்தைத்தான் பாக்குதுன்னு நீயே மெஷினுக்குச் சொல்லிக்குடுத்துட்டு, ஒத்துமையா இருக்கான்னு அதுகிட்டயே கேக்குறியா?"

இம்முறை ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வைத்தோம், பிறகு மாற்றி. தைமி மறுபடி படித்தாள். நீலப் புள்ளி சிவப்பை விட்டு ஓரெழுத்து தள்ளியே, கோபித்துக்கொண்ட மனைவிபோல வரி முழுக்க நடந்தது.

"கண்ணுதான் தைமி! இடது கண்ணு தனி வழி போகுது. டாக்டர்கிட்ட இதைக் காட்டு, கண்ணாடியிலயே சரியாகலாம்."

"என் கோணக் கண்ணா? அப்பாடா!" விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு."

ஓட்டினேன். நீலப் புள்ளி திரையில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பு மெல்ல நின்றது.

"எங்கம்மாவை யாரும் இப்படி உக்கார வெச்சுப் பாக்கலியே," என்றாள்.