அரை மணித்தியாலம் முந்திய கணினி

2025ஆம் ஆண்டு யூலை மாதம் பத்தாம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்திற்கு, மறுநாள் காலை எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பெறும் வயல்களின் வரிசையைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். அதில் அம்மாவின் வயல் இல்லை. எங்களுக்குரிய இடத்தில் அடுத்த வயற்காரரின் பெயர் இருந்தது.

சிறுபோக நெல் அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே உருவாகும் அந்த நாட்களில் தண்ணீர் தவறினால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பதரைத்தான் அறுக்கவேண்டும். அடுத்த முறை வருவதற்குள் சோளகக் காற்று வயலை வெடிக்கவைத்துவிடும். தொலைபேசித் திரையில் ஒரு பெயர் இல்லாமற்போனதன் பொருள் இவ்வளவுதான். அதைத் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் அறிந்திருக்கவேண்டும் என்பதே என் முறைப்பாடு.

எங்கள் குளத்தின் இடதுகரையில் ஓர் அலுவலகமும் வலதுகரையில் ஓர் அலுவலகமும் உள்ளன. தண்ணீர் முறைப் பதிவு இரண்டு இடத்துக் கணினிகளிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் எழுதினால் அக்கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். கணினி வந்த புதிதில் நடந்த தொடக்கக் கூட்டத்தில் இதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டும் பழுதின்றி இருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தால் என்னவாகும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு யானை ஒன்று கம்பத்தில் முதுகு தேய்த்தது. கம்பி அறுந்தது. அதன் பின் ஒரு கணினி சொல்வது மற்றதற்குக் கேட்கவில்லை. ஆயினும் இரண்டும் தத்தம் போக்கில் பதிவுகளை ஏற்றுக்கொண்டே இருந்தன. ஊருக்கு அறிவிப்பு எதுவும் இல்லை.

புதன் காலை அம்மா இடதுகரை அலுவலகத்திற்குப் போனார். வெள்ளிக்கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிளினிக். ஆகவே, பிறகு யாரிடமாவது மாறி எடுக்கலாம் என்று எண்ணி, இந்த முறை வேண்டாம் என்று பதிவுசெய்வித்தார். குளக்கட்டால் வீடு திரும்பும் வழியில் தொலைபேசி அழைப்பு வந்தது: வைத்தியர் விடுமுறை, அடுத்த கிழமை வாருங்கள். குளக்கட்டின் எங்கள் பக்க முனையில்தான் வலதுகரை அலுவலகம். நேரே அங்கே போய், முறை தனக்கே வேண்டும் என்றார். அங்கிருந்தவர், அது உங்கட பேரிலதானே இருக்கு, ஏன் கேக்கிறியள் என்று வியந்திருக்கிறார். அம்மா வற்புறுத்தியதால் உறுதிப்படுத்தி ஒரு பதிவு எழுதினார். ஆக, இரண்டு அலுவலகங்களும் அம்மா சொன்னதற்கு ‘ஓம், சரி’ என்றன.

வியாழன் நண்பகல் கம்பியைப் பொருத்தினார்கள். கணினிகள் இரண்டும் பதிவுகளை ஒப்பிட்டன. எங்கள் வயலைப்பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பதிவுகள் இருந்தன. பிந்தியது எதுவோ அதுவே செல்லும் என்பது விதி. அந்த விதிப்படிதான் எங்கள் பெயர் நீக்கப்பட்டது.

சைக்கிளில் இடதுகரை அலுவலகத்திற்குப் போனேன். அங்குள்ள எழுதுவினைஞர் ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். அண்ணை என்றே அழைப்பேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வேண்டும் என்ற பதிவு பத்து நாற்பதுக்கு. வேண்டாம் என்ற பதிவு பத்து ஐம்பதுக்கு.

“அம்மா பிறகும் ஒருக்கா வந்து வேண்டாம் எண்டிருப்பா, தங்கச்சி. வயசு போகுதெல்லே, மறந்திருப்பா” என்றார்.

அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் மூண்டது. இயந்திரங்கள் இரண்டும் தமக்குள் முரண்பட்டன. பழி என் தாயின் ஞாபகத்தின் மேல் விழுந்தது. வயல் வரம்பில் நின்றுகொண்டே, யார் எந்த ஆண்டு என்ன விதைத்தார் என்று வரிசை பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர். கைவிடுவதற்கு முன்பே ஒருவர் அதைத் திருப்பிக் கேட்பாரா என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் பையை எடுத்தார்; பஸ் வரும் நேரமாம். நான் தொலைபேசியைப் பார்த்தேன், பிறகு கணினியின் மூலையைப் பார்த்தேன். கணினியில் அரை மணித்தியாலம் கூடுதலாக இருந்தது.

காரணம் கேட்டபோது சிரித்தார். “ஒட்டுசுட்டான் பஸ் எனக்காண்டி நிக்காது. அதுதான் கொஞ்சம் முன்னுக்கு வைச்சிருக்கிறன். உங்கட வீட்டு மணிக்கூடும் அப்பிடித்தானே?”

உண்மைதான், எங்கள் சுவர் மணிக்கூடும் பத்து நிமிடம் முந்தியே ஓடுகிறது. ஆனால் அது யாருடைய தண்ணீரையும் தீர்ப்பதில்லை. பத்து இருபதுக்குச் சொன்ன ‘வேண்டாம்’, பத்து நாற்பதுக்குச் சொன்ன ‘வேண்டும்’ என்பதை வென்றது இப்படித்தான். அண்ணைக்கு விளங்கியது, முகம் மாறியது. ஆனால் மறுநாள் வரிசை பூட்டப்பட்டுவிட்டது, வவுனியாவிலிருக்கும் பொறியியலாளரே திறக்கலாம் என்றார். அவரைத் தொலைபேசியில் அழைத்து என்னிடம் தந்தார்.

பொறியியலாளர் மரியாதையாகவே பேசினார். திங்கட்கிழமை பார்ப்பதாகச் சொன்னார். சொன்னதுடன் நிறுத்தியிருக்கலாம். “கம்பி அறுந்த நேரம் முழுக்க எங்கட சிஸ்டம் ஒரு நிமிசங்கூட நிக்கேல்லை, தங்கச்சி” என்றார்.

“நிண்டிருந்தா, அம்மா வேண்டாம் எண்டதும் பதிஞ்சிராது, முறை அவவின்ர பேரிலேயே இருந்திருக்கும், ஐயா. நிக்காததாலதான் அது பொய் சொன்னது.”

தொலைபேசியை அண்ணையிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் பழைய நூல்களின் பாடபேதங்களைப் படிக்கிறேன். ஒரே செய்யுள் இரண்டு சுவடிகளில் இரண்டு விதமாக இருந்தால், பிந்திய சுவடி என்பதற்காக எவரும் அதைச் சரியெனக் கொள்வதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுவார்கள். கிடைக்காவிடில், முடிவு தெரியவில்லை என்று அடிக்குறிப்பு எழுதுவார்கள். என்றோ இறந்துபோன புலவனின் ஒரு சொல்லுக்குக் காட்டும் இந்த நேர்மையை, உயிருடன் இருக்கும் ஒரு பெண்ணின் சொல்லுக்கு ஏன் காட்டக்கூடாது? ‘மற்றப் பக்கம் இப்போது கேட்கவில்லை, பிறகு வாருங்கள்’ என்று சொல்ல அந்த இயந்திரத்திற்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. எல்லாவற்றிற்கும் ‘ஓம்’ சொல்வதையே சேவை என்று நினைத்துவிட்டார்கள்.

மாலையில் அம்மாவும் நானும் அடுத்த வயற்காரர் வீட்டுக்குப் போனோம். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பம். அவர் நாங்கள் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். அம்மா நடந்ததைச் சொன்னார்.

“நான் கேட்டு வாங்கல அக்கா. போன்ல வந்திச்சு, சரின்னு இருந்துட்டேன்” என்றார். “என் வயலும் காயுது. பாதி விடுறேன். முழுசா விடச் சொல்லாதீங்க.”

கேட்க எங்களுக்கு உரிமை இருந்தது. கேட்க முடியவில்லை.

கணினி வருவதற்கு முன்பு எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. முறையை மாற்றுகிற இருவரும் மதகின்மேல் ஒன்றாக நின்று, கதவு திறப்பவரின் காதுபடச் சொல்லவேண்டும். ஒருவர் வராவிட்டால் மாற்றம் இல்லை. வெள்ளி விடிய நாங்கள் மூவரும் அந்த மதகில் நின்றோம். அடுத்த வயற்காரர் சொன்னார், பிறகு அம்மா சொன்னார். கதவு திறப்பவர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எங்கள் பக்கக் கதவை உயர்த்தினார். தண்ணீர் மேல்வயலில் பரவியது. பள்ளத்து வரம்பை எட்டுமுன் எங்கள் பாதி முடிந்தது, கதவு இறங்கியது. அம்மா நனையாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து நான் நேரே இடதுகரை அலுவலகத்திற்குப் போனேன். அண்ணை கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை. கணினி நேரத்தை என் கண்முன்னால் சரிசெய்யச் சொன்னேன்.

“அப்ப என்ர பஸ்?” என்றார்.

“கைமணிக்கூட்டை முன்னுக்கு வையுங்கோ, அண்ணை.”

அவர் திருத்தி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, குளக்கட்டால் வலதுகரைக்குப் போய், அங்கிருந்த கணினியின் நேரத்தையும் பார்த்தேன்.