கம்ப்யூட்டரை ஜெயித்தால் போகலாம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் மணக்காட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன். சாலை பஜாரில் மாமனாருக்கு இரும்புச் சாமான் கடை. அவரும் என் வீட்டுக்காரரும் காலையில் கடைக்குப் போய்விடுவார்கள். இன்ஜினீயரிங் படிக்கிற கொழுந்தன் காலேஜுக்குப் போய்விடுவான். அவனுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் முன்னறையில் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் கணக்கில் பி.எஸ்ஸி. படித்தவள். பழவங்காடி பக்கம் ஒரு சென்டரில் ப்ரோக்ராமிங் படிக்க வேண்டுமென்று ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம். ஓணம் முடிந்ததும் புது பேட்ச் ஆரம்பம். மாமனாரிடம் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதைப் பற்றிய பேச்சோ, அதில் விவரமுள்ள ஆம்பிளைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரும்பு என்றால் மாமனார், பேங்க் என்றால் என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் என்றால் கொழுந்தன். "அவன் சரின்னு சொன்னா போ மக்ளே" என்று சொல்லிவிட்டார். என்னைவிடச் சின்னப் பையன் கையில் என் படிப்பு!

கொழுந்தனுக்குக் குஷியாகிவிட்டது. ப்ரோக்ராமிங் என்றால் சும்மா இல்லை, அதற்குத் தனி மூளை வேண்டும் என்றான். கம்ப்யூட்டரில் ஒரு செஸ் இருந்தது. அதன் கடைசி லெவலில் ஜெயித்துக் காட்டினால் அப்பாவிடம் தானே சொல்வதாக வாக்குக் கொடுத்தான். செஸ்தானே என்று நானும் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அக்கா தங்கைகள் எல்லாரும் ஆடுவோம். அதில் நான்தான் ராணி என்று எனக்கு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு முறை உண்டு. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். ஆபத்து வருகிற மாதிரி இருந்தது, தாவ விட்டேன். 'டிங்' என்று சத்தம் போட்டுவிட்டு ராஜா பழைய இடத்திலேயே நின்றது. மறுபடி தாவ விட்டேன், மறுபடி 'டிங்'. வேறு வழியில்லாமல் ஒரு சிப்பாயை நகர்த்தியதும், கம்ப்யூட்டர் தன் ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றிக்கொண்டது. எனக்கு அப்படியொரு முறை இருப்பதே தெரியாது. "ஐயோ, இது கள்ளாட்டம் ஆடுது" என்று கத்திவிட்டேன். வீடே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்திலேயே தோற்றேன். "இது நாகர்கோவில் செஸ் இல்ல மைனி. எத்தனை பெரிய மூளை தெரியுமோ? மனுஷனுக்கு எட்டாது, கேட்டோ" என்று கொழுந்தன் மானிட்டரைத் தட்டிக் கொடுத்தான், ஏதோ அவன் பெற்ற பிள்ளை மாதிரி.

அன்றைக்கு அழுதேன். மறுநாள் அழவில்லை. மாமியார் மத்தியானம் கண்ணயர்ந்ததும் துணியை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்திலேயே விதிகளை இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள். வரிவரியாகப் படித்தேன். எங்கள் ஊர்த் தாவலை மறந்தேன், யானை ராஜா இடமாற்றத்தைப் பழகினேன். தினமும் தோற்றேன். மாமியார் ஒரு நாள் விழித்து வந்து பார்த்துவிட்டு, காப்பி போடப் போனார்.

தோற்கத் தோற்க அந்தப் பெரிய மூளையின் குணம் பிடிபட்டது. அதற்குப் பேராசை. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜாதி. ஓரத்தில் ஒரு சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டால் போதும், ராணியை அனுப்பித் தின்றுவிடும். இன்னொன்றை விட்டால் அதையும் தின்னும். ராணி அங்கே விருந்து சாப்பிடுகிற நேரத்தில் இங்கே அதன் ராஜா தனியாக நிற்கும். இன்னொரு விஷயமும் கண்டுபிடித்தேன். நான் நேற்று நகர்த்தின மாதிரியே இன்றும் நகர்த்தினால், அதுவும் நேற்றைய பதிலையே சொன்னது. போன தடவை இவளிடம் ஏமாந்தோமே என்ற ரோஷமே இல்லை. எங்கள் வீட்டுக் கடைசித் தங்கையிடம் ஒரு தந்திரம் ஒரு தடவைதான் செல்லும். மறு தடவை கையைக் கடித்துவிடுவாள். இதையா மனுஷனுக்கு எட்டாதது என்றார்கள்?

திருவோணத்துக்கு மறுநாள் கடைக்கு விடுமுறை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நானே போய்த் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஆடப்போகிறேன் என்றேன். கொழுந்தன் கடைசி லெவல்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். சிப்பாயை ஓரத்தில் வைத்தேன். ராணி வந்தது, தின்றது. "மைனிக்கு ஒரு சிப்பாய் போயாச்சு" என்று அவன் எல்லாருக்கும் அறிவித்தான். அடுத்ததும் போனது, அதையும் அறிவித்தான். அப்புறம் என் குதிரைகள் உள்ளே இறங்கின. அவன் அறிவிப்பு நின்றுபோனது. கடைசியில் நான் ஜெயித்ததாகத் திரையில் எழுத்து வந்தது.

கொழுந்தன் சிரித்தான். "இது என்ன பெரிய காரியம் மைனி? ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடிப் படிச்சு வச்சிருக்கீங்க. அது வெறும் மிஷின்தானே, அதுக்கென்ன தெரியும்? மனுஷனை ஜெயிச்சாத்தான் கணக்கு" என்றான். மாமனாரும், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, மிஷினை ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று இழுத்தார்.

"சரி தம்பி, மனுஷனையே ஜெயிக்கிறேன். நீங்களே உக்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவன் உட்காரவில்லை. ஃபிரெண்டைப் பார்க்கப் போக வேண்டுமாம்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. மாமனார் முன்னால் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. "அன்னைக்கு நான் தோத்தப்ப இது மனுஷனுக்கு எட்டாத மூளை. இன்னைக்கு நான் ஜெயிச்சதும் வெறும் மிஷின் ஆயிட்டு. அது என்னமும் ஆயிட்டுப் போட்டும். அதோட பலவீனத்தைக் கண்டுபிடிச்சது நான்தானே? அதுக்குப் பேரு மூளை இல்லையா?" என்று கேட்டேன்.

கொழுந்தன் செருப்பைத் தேடினான். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். மாமியார் மட்டும் அடுக்களை வாசலிலிருந்து, "அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்" என்றார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சரி என்றும் யாரும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை நானாகவே புடவை மாற்றிக்கொண்டு பழவங்காடிக்கு பஸ் ஏறினேன், சேர்ந்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன்.

அந்தப் படிப்புதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள், கம்ப்யூட்டரோடு ஆடுவதெல்லாம் ஒரு போட்டியா மேடம் என்று வாதம் பண்ணும்போது என்னையும் இழுப்பார்கள். அதைவிட லேசான எதிரி எனக்குக் கிடைத்ததில்லை என்றுதான் சொல்லுவேன். தோற்ற நிமிஷமே, நீ ஜெயித்தாய் என்று அது எழுதிக் காட்டிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை மனுஷர்கள் வாயிலிருந்து வாங்க நான் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன், எழுந்து போகிற உத்தேசமும் இல்லை.