வாசலில் கொடுத்த கற்கண்டு

சர்க்கரை நோயை ஆராய்கிறவர்கள் கூட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம், கல்யாணம் மாதிரி இருக்கும் என்று சொல்வேன். விழுப்புரத்தில் நடந்த இளம் ஆய்வாளர் கூட்டம் நிஜமாகவே கல்யாண மண்டபத்தில்தான் நடந்தது. ஓட்டல் ஹால் கிடைக்கவில்லையாம். மேடையில் முந்தின நாள் ரிசப்ஷனுக்குக் கட்டிய பூ அலங்காரம் பாதி அப்படியே தொங்கியது. அதன் நடுவே நின்றுகொண்டுதான் ஒவ்வொருவரும் இன்சுலினைப் பற்றிப் பேசினோம்.

என் ஆய்வு கேப்பைக் களியைப் பற்றியது. ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் கையில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டிவிடுவேன். உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அது போனில் கோடாகப் போட்டுக் காட்டும். காலையில் களி சாப்பிட்டால் அந்தக் கோடு அலட்டிக்கொள்ளாமல் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது என்பதே நான் சொல்ல வந்தது. ஆனால் ஆய்வுக்கான உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் டாக்டரம்மா, பேசுகிறவர்களில் ஒருவருடைய ஆய்வைத் தன் மையத்தில் சேர்த்துக்கொண்டு தொடர வைப்பதாகச் சொல்லியிருந்தார். அது எனக்குக் கிடைக்கவில்லையென்றால் ஒலக்கூருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

அதனால் ஒரு வித்தை காட்ட நினைத்தேன். என் கையிலேயே சென்சார் ஒட்டிக்கொண்டு, காலையில் களி தின்றுவிட்டுப் போய், பேசும்போது என் கோட்டை அப்படியே திரையில் ஓடவிடுவது. யாருக்கு இந்த மூளை வரும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அன்றைக்குக் காலையில் திண்டிவனத்து வீட்டில் களி கிளறும்போதே அம்மாவோடு சண்டை. அம்மாவுக்கு சர்க்கரை உண்டு. எப்போது குத்திப் பார்த்தாலும் தாறுமாறாக ஏறியிருக்கும். கேட்டால் எப்போதும் ஒரே பதில்.

"ரெண்டு இட்லிடி. வேற எதையும் வாயில வெக்கல."

"பொய் சொல்லாத மா. மெஷின் பொய் சொல்லுமா?"

"ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் மெஷினை மாட்டிக்கினு சுத்தற. பெத்தவ சொன்னா மட்டும் உனக்குப் பொய்யா?"

களியில் குழி பண்ணி மல்லாட்டைத் துவையலை, அதாவது வேர்க்கடலைத் துவையலை, வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, பசிதான் வரும். ஒலக்கூரிலும் அம்மாவைப் போலச் சில பெண்கள் இருந்தார்கள். "களி மட்டுந்தான்மா துன்னேன்" என்று சத்தியம் பண்ணுவார்கள், கோடு தென்னைமரம் ஏறியிருக்கும். அவர்களையெல்லாம் பொய் சொல்பவர்கள் என்று ஆய்விலிருந்தே தூக்கிவிட்டேன். அறிவியல் என்றால் கறாராக இருக்க வேண்டாமா?

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்ந்து ஊர்ந்து, ஒருவழியாக விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். மண்டப வாசலில் பட்டுப்புடவை கட்டிய அக்கா ஒருத்தர் பன்னீர் தெளித்தார். எதிரே மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. மண்டபத்து ஆளான அவருக்குக் கல்யாணமும் ஒன்றுதான், கணையமும் ஒன்றுதான். விசேஷம் என்றால் வாசலில் தட்டு இருக்கும். "வாங்க, வாங்க, எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

பிறகு போஸ்டர் ஒட்ட வராந்தாவுக்கு வந்தேன். பென் டிரைவை மறந்துவிட்டு மறுபடி வந்தேன். அம்மாவுக்குப் போன் பண்ண வெளியே வந்து, ரோஷம் தடுக்க, பண்ணாமலேயே திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் அந்த அக்கா புதிதாக வந்தவளைப் போல என்னைச் சிரித்து வரவேற்றார். ஒவ்வொரு தடவையும் என் கை தானாகத் தட்டுக்குப் போனது, பின்னாலேயே வாய்க்கும் போனது. மூளைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

மேடையேறினேன். "காலையில் நான் கேப்பைக் களி சாப்பிட்டேன். இதோ, இந்த நிமிடம் என் உடம்பில் நடப்பதைப் பாருங்கள்" என்று பெருமையாகத் திரையைக் காட்டினேன். சபையில் கொல்லென்று சிரிப்பு. திரும்பிப் பார்த்தால், சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த கோடு கடைசியில் மலையேறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா மைக்கை எடுத்தார். "என்னம்மா இது? களி தவிர வேற என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே இல்லை மேடம்! வேற எதையும் வாயில வெக்கல!"

சொன்ன வேகத்தில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அது அம்மாவின் குரல். அதே அழுத்தம், அதே ரோஷம். ஆனால் நான் பொய் சொல்லவில்லையே!

"டென்ஷன்ல கூட ஏறும் மேடம்" என்று சமாளித்துப் பார்த்தேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மைக்கில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஹால் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா அப்படியே நின்றார். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த கற்கண்டைக் கடித்துவிட்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார், நான் வாசலைப் பார்த்தேன். சபையில் ஒவ்வொரு தலையாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. சர்க்கரையைப் பற்றிப் பேச வந்த அத்தனை பேரும் வாசலிலேயே சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தோம். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வாசலில் இருந்த அக்கா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கோடு ஒத்துவராத சிலரை ஆய்விலிருந்து எடுத்துட்டதா போஸ்டர்ல எழுதியிருக்கீங்களே, அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன் மேடம்."

"நானும் உங்ககிட்ட அதைத்தானே கேட்டேன்?"

அந்த வாய்ப்பு அன்று யாருக்கும் போகவில்லை. "எடுத்தவங்களைத் திரும்பச் சேருங்க. வேற மாதிரி கேட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் உங்க இடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார். எப்படிக் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு எங்கெல்லாம் போன மா?"

சந்தேகமாகப் பார்த்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்காத மகளை அவள் பார்த்ததே இல்லை. "கோயிலுக்குப் போனேன். ஏன்?"

"அங்க என்ன குடுத்தாங்க?"

"சக்கரப் பொங்கல். வர்ற வழியில எதிர்வீட்டுப் பொண்ணுக்கு வளைகாப்பு, கூப்புட்டா போவாம இருக்க முடியுமா? அங்க ஒரு லட்டு குடுத்தாங்க, பானகம் குடுத்தாங்க. டைலர் கடையில உக்கார வெச்சு டீ வாங்கியாந்து குடுத்தான், பாவம், வேணாம்னா மூஞ்சி சுருங்கிப் போவும்." அம்மா உற்சாகமாக விரல் மடக்கிக்கொண்டே போனாள். எனக்குத் தலை சுற்றியது.

"இவ்ளோ சாப்பிட்டுட்டா இட்லி மட்டும்னு சொல்ற?"

அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதெல்லாம் அவங்க குடுத்ததுடி," என்றாள். "நான் எங்க சாப்பிட்டேன்?"