ஜப்பான் கத்தியும் ஒரு மாங்கொட்டையும்

முட்டி ஆபரேஷன் முடிஞ்சி, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கி நடந்து பழகிட்டு கடலூர் ஊட்டுக்கு வந்த அன்னைக்கு, அடுப்பங்கரைக்குள்ள நொழஞ்சவளுக்குத் திக்குன்னு ஆயிடுச்சி. அருவாமன இருந்த எடத்துல அருவாமன இல்ல. தொடச்சி வுட்ட தரைதான் பளபளன்னு இருக்குது. அம்பது வருஷமா அந்த எடத்துலதான் நான் ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி உக்காந்து, ஒலகத்துல இருக்குற காயெல்லாம் நறுக்கியிருக்கேன்.

மருமவள கேட்டா, பரண் மேல ஏத்தியாச்சின்னா. டாக்டரு இனிமே தரையில உக்காரவே கூடாதுன்னு சொல்லிட்டாராம். சரி, சோத்த டேபிள்ல தின்னுக்கலாம். காய எங்க உக்காந்து நறுக்குறது?

அதுக்குந்தான் ஏற்பாடு பண்ணியாச்சின்னான் மவன். சமையலுக்கு ஒரு அம்மாவ பேசி வச்சிருக்கானாம். பத்து நாள் கழிச்சி திங்கக்கெழமையிலேருந்து வருவாங்களாம். முட்டிய மாத்துறேன்னுதானே ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கிட்டுப் போனானுங்க. இப்ப பாத்தா என்னையே மாத்துறானுங்க.

நான் சும்மா இருப்பேனா? மறுநாள் அவுங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போன பொறவு, பக்கத்து ஊட்டுப் பொண்ண வுட்டு அருவாமனைய எறக்கி அடுப்பு மேடை மேல வச்சேன். நின்னுக்கிட்டே எடது கையால பலகைய அமுக்கிக்கிட்டு ஒரு முருங்கக்காய வச்சி அழுத்துனேன். அருவாமன கவுந்து, மேடையிலேருந்து எகிறி, என் புது முட்டிக்கு ஒரு சாண் தள்ளி வுழுந்துச்சி. சாயங்காலம் அந்தப் பக்கத்து ஊட்டுப் பொண்ணே போட்டுக் குடுத்துட்டா. அருவாமன மறுபடியும் பரண்.

கடேசியா மவன் ஒரு எறக்கம் காட்டுனான். அம்மா, நீ நின்னுக்கிட்டு கத்தியில நறுக்கப் பழகு. சமையக்காரம்மா வர்றதுக்கு மொத நாள் ஞாயித்துக்கெழம ஒரு மீன் கொழம்பு வையி. வெரல்ல பிளாஸ்திரி இல்லாம வச்சிட்டீன்னா அந்தம்மா வேணாம்னு சொல்லிடுறேன்னான்.

கத்தியில எனக்கு நறுக்க வராதுங்கறது அவனுக்குத் தெரியும். நம்ம ஊட்டுல இருந்த கத்திய வச்சி தக்காளியத்தான் நசுக்கலாம்.

அப்பத்தான் எனக்கு சிதம்பரத்துல இருக்குற சம்பந்தியம்மா ஞாபகம் வந்துச்சி. மருமவளோட அம்மா. அவுங்க ஊட்டுல ஒரு ஜப்பான் கத்தி இருக்கு, அவுங்க சின்ன மவன் வெளிநாட்டுலேருந்து கொண்டாந்தது. போன தடவ போயிருந்தப்ப ஒரு வெள்ளரிக்காய பூணூல் கணக்கா நறுக்கிக் காட்டி என் வயித்தெரிச்சல கௌப்புனாங்க. அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்னு மருமவள கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

கீழவீதி பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு சம்பந்தியம்மா கூட்டிக்கிட்டுப் போனாங்க. கடைக்காரரு மூணு கத்திய எடுத்து பலகை மேல வச்சாரு. சம்பந்தியம்மா ஒண்ண எடுத்து என் கையில நீட்டுனாங்க. கீழ வையுங்கண்ணி, நான் எடுத்துக்கிறேன்னேன். கத்திய கைக்குக் கை குடுத்தா சண்ட வரும்பாங்க. ஏற்கெனவே சம்பந்திங்க, இதுல கத்தி வேறயா.

மொதக் கத்தியில தண்ணி அல மாதிரி கோடு கோடா ஓடுது. வெல என்னன்னு கேட்டேன். பதினெட்டாயிரம்னாரு. நான் பக்கத்துல இருந்த ஸ்டூல புடிச்சிக்கிட்டேன். பதினெட்டாயிரத்துக்கு ஒரு கத்தி வாங்குனா, அதால நறுக்குறதுக்கு கத்திரிக்கா வாங்க ஊட்ட விக்கணும்.

ரெண்டாவது கறுப்பு இரும்பு. வெல கம்மி, ஆனா கூர் ஜாஸ்தி, ஈரத்தோட வுட்டா துரு ஏறும்னாரு. கடலூர் உப்புக்காத்துல எங்க ஊட்டு ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு சுத்து எளச்சிப் போவுது. அது வேணாம்னேன்.

மூணாவது நம்ம நாட்டுலயே ஜப்பான் மாதிரி செஞ்சது. துரு புடிக்காது. அகலமா, மூக்கு கீழ சரிஞ்சி, கைப்புடி என் உள்ளங்கைக்கு அளவா இருந்துச்சி. ஆயிரத்து முந்நூறு ரூவா. ஊட்டுச் சமையலுக்கு இது போதும், காய், கீர, எலும்பில்லாத கறி எல்லாம் நறுக்கலாம்னாரு. பேரு சந்தோக்குன்னாரு. எனக்கும் சந்தோஷந்தான்னேன்.

கூர காட்டுறேன்னு ஒரு பேப்பர எடுத்து சர்ருன்னு கிழிச்சாரு. நான் பேப்பர் கூட்டு வைக்கிறதில்லன்னு சொல்லி, மார்க்கெட்டுல வாங்குன வெண்டக்காய் ஒண்ண பையிலேருந்து எடுத்தேன்.

கத்திய எடது கையில புடிச்சி, கூர் மேல பாக்குற மாதிரி பலகையில நிறுத்தி, வலது கையால வெண்டக்காய கொண்டு போயி அது மேல அழுத்துனேன். வெண்டக்காய் ரெண்டா போனதே எனக்குத் தெரியல. கத்தி என் கட்ட வெரலுக்கு நெல்லு மணி அளவுல நிக்குது. மருமவ கண்ண மூடிக்கிட்டா. கடைக்காரரு எழுந்தே நின்னுட்டாரு.

"அம்மா, கத்திதான் நகரணும். காய் நகரக் கூடாது."

அம்பது வருஷமா எங்க ஊட்டுல நகர்ந்தது காய்தான். கத்தி நின்ன எடத்துல நிக்கும், ராசா மாதிரி. நாமதான் ஒவ்வொண்ணா கொண்டு போயி குடுக்கணும். அது நகருமாம், நாம புடிச்சிக்கிட்டு நிக்கணுமாம். உன் மாமனாரு இது தெரியாமலே போயி சேந்துட்டாருன்னு மருமவகிட்ட சொன்னேன்.

சம்பந்தியம்மா வுடுவாங்களா. "அண்ணி, ஞாயித்துக்கெழம கொழம்புல மீன் எது, வெரல் எதுன்னு எண்ணிப் பாத்து போடுங்க"ன்னாங்க.

கத்திய கட்டிக் குடுக்கும்போது கடைக்காரரு ஒரு பாட்டு படிச்சாரு. எலும்பு கூடாது, தேங்கா ஓடு கூடாது, கொட்ட கூடாது, கல்லு மேல வச்சி நறுக்கக் கூடாது, மரப்பலகதான், கழுவுனதும் தொடச்சிடணும். எங்க மாமியாருக்குக் கூட இவ்ளோ கூடாது கெடையாது. சிரிச்சிக்கிட்டே எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனேன். ஆட்டுனது தல மட்டுந்தான்.

ஒரு வாரம் பழகுனேன். வெரல மடக்கி வச்சி, காய அசையாம புடிச்சி, கத்திய மட்டும் நகத்தி. சின்ன வெங்காயம் நறுக்குன அன்னைக்கு இன்னொரு அதிர்ச்சி. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல. கூரான கத்தின்னா அப்பிடித்தானாம். இத்தன வருஷம் நான் எவ்ளோ பேர் மேல இருந்த கோவத்த வெங்காயத்து மேல போட்டு அழுதிருக்கேன். இனிமே அழுவணும்னா காரணம் சொல்லணும்.

ஞாயித்துக்கெழம வந்துச்சி. முதுநகர் மார்க்கெட்டுலேருந்து சங்கரா மீன் வந்துச்சி, அங்கயே வெட்டி வாங்கிட்டான் மவன். வெங்காயம், தக்காளி, பூண்டு எல்லாம் நின்னுக்கிட்டே நறுக்கிட்டேன். பத்து வெரலும் பத்தரமா இருக்குது. கொழம்பு கொதிக்குது. கடேசியா ஒரு மாங்கா. ரெண்டு பக்கமும் சதைய சீவிப் போட்டேன். அப்பறம் கை தன் பழக்கத்துக்குப் போயிடுச்சி. அருவாமனையில மாங்காய கொட்டையோட ரெண்டா பொளந்துதான் போடுவேன். அதே வேகத்துல கத்திய ஓங்கி கொட்டை மேல ஒரு போடு போட்டேன். டக்குன்னுச்சி. பொளக்கல. சனியன்னு கொட்டைய குப்பையில வீசிட்டு, மீன கொழம்புல போட்டுட்டு, கத்திய கழுவித் தொடைக்கும்போதுதான் பாத்தேன்.

கூர்ல ஒரு பல்லு இல்ல. அரிசி நொய் அளவுக்கு.

அந்தத் துண்டு எங்க? பலகைய பாத்தேன், தரைய பாத்தேன். பிரிட்ஜ் மேல ஒட்டியிருந்த காந்தத்த எடுத்து மேடை பூரா தேச்சேன். ஒரு கரண்டியும் ஒரு ஊக்கும் வந்து ஒட்டுச்சி. இரும்புத் துண்டு வரல. அப்ப எகிறி, பக்கத்துல கொதிச்ச கொழம்புலதான் வுழுந்திருக்கணும்.

கூடத்துல தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேக்குது. சொல்லாம இருந்தா சமையல் என்னுது. நொய் அளவுதானே, அடியில தங்கிடும், அடிக் கொழம்ப நானே ஊத்திக்கலாம்னு புத்தி போச்சி. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே போச்சி. ஆனா எங்க மருமவ மீன் மண்டைய உறிஞ்சி உறிஞ்சிதான் தின்னுவா. அத நெனச்சதும் கை தன்னால அடுப்ப அணைச்சிடுச்சி.

அவள கூப்புட்டுக் காட்டுனேன். மொத்தக் கொழம்பையும் ஊட்டுக்குப் பின்னால குழி வெட்டிக் கொட்டுனோம். பூனைக்குக் கூட போட முடியல. அது என்ன பாத்த பார்வைய இன்னும் மறக்கல. அன்னைக்கு ரசமும் அப்பளமும். மவன் தின்னுட்டு, நாளைக்கு அந்தம்மா வந்துடுவாங்கன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போனான். வையவே இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சி.

சாயங்காலம் குப்பைய கொட்டப் போன மருமவ வாசல்லயே நின்னுட்டா. கையில மாங்கொட்ட. அந்த இரும்புப் பல்லு அதுல குத்திக்கிட்டு மின்னுது. ஒரு சட்டி சங்கரா கொழம்பு மண்ணுக்குள்ள. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அவதான் மொதல்ல சிரிச்சா.

திங்கக்கெழம காலையில சமையக்காரம்மா வந்துட்டாங்க. அம்பது வயசு இருக்கும், நல்ல ஒடம்பு, முட்டி ரெண்டும் சொந்த முட்டி. நான் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு ஓரமா நின்னேன். அவுங்க தரைய சுத்திப் பாத்துட்டு, அருவாமன எங்கம்மான்னாங்க.

பரண் மேலன்னு நான் சொல்லுவேனா? மருமவளும் என்னைய ஒரு பார்வ பாத்துட்டு கத்தியையும் பலகையையும் எடுத்து வச்சா. அந்தம்மா கத்திய எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பறம் கூர மேல பாக்க நிறுத்தி, ஒரு கத்திரிக்காய அது மேல கொண்டு போனாங்க.

நான் எப்பிடி ஓடுனேன்னு எனக்கே தெரியல. புது முட்டி கூட வலிக்கல. அந்தக் கைய புடிச்சி நிறுத்திட்டுச் சொன்னேன்.

"கத்திதான் நகரணும். காய் நகரக் கூடாது."

அந்தம்மாவுக்கு வேர்த்துப் போச்சி. இது நமக்கு சரிப்படாதும்மான்னு கத்திய கீழ வச்சிட்டாங்க. வேலைக்குக் கௌம்பி பைய மாட்டிக்கிட்டு நின்ன மருமவ, பல்லு போன கத்திய பாத்தா, அந்தம்மாவ பாத்தா, கடேசியா என் பக்கம் திரும்புனா.

"அத்தை, அப்ப இவுங்க என்ன செய்யட்டும்?"

கேள்விய யாருகிட்ட கேட்டா, பாத்தீங்களா. புளி கரைக்கச் சொல்லுன்னு சொல்லிட்டு, நான் கத்திய எடுத்தேன்.