ஒட்டுக்குக் கீழே கிளம்பிய துளிர்

கோரிப்பாளையம் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. “சார், சுசீலாம்மா காலைல தவறிட்டாங்க” என்றார் ஆய்வகத்து நண்பர். சுசீலாம்மா ஓய்வுபெற்ற நாளிலிருந்தே ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மாங்கன்று காய்க்கும்வரை அது என்ன ரகம் என்று கண்ணால் உறுதியாகச் சொல்வது கடினம். இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் தெரியும் கோடுகளைத் தாய் மரத்தின் கோடுகளோடு ஒப்பிடுவதுதான் எங்கள் வேலை. நான் விஞ்ஞானி, சுசீலாம்மா டெக்னீசியன். யார் இலைப் பையை நீட்டினாலும், “எந்த எலை, எந்தக் கெளை, யாரு பறிச்சது? மூணையும் சொன்னாத்தான் வாங்குவேன்” என்பார்.

உசிலம்பட்டிப் பக்கம் நர்சரி வைத்திருந்த பெரியகருப்பன், இமாம்பசந்த் என்று வேறு ரகத்தை விற்பதாகப் புகார் வந்தது. நானே போய் இலை பறித்தேன். மேலே இருந்தவை முற்றிய இலைகள். இளம் இலையில் டி.என்.ஏ. எளிதாகக் கிடைக்கும் என்று அடித்தண்டில் கிளம்பியிருந்த துளிர்களைக் கிள்ளினேன். அன்று சுசீலாம்மா கேட்பதற்குள் பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கோடுகள் பொருந்தவில்லை. ‘வேறு ரகம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பெரியகருப்பன் ஓடி வந்தார். “ஐயா, தாய் மரத்துல இருந்து நானே வெட்டிக் கட்டுன ஒட்டுய்யா. வாங்க வந்தவுகல்லாம் திரும்பிப் போறாக.” “சோதனை பொய் சொல்லாது” என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் சுசீலாம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்: “சார், துளிரு ஒட்டுக்கு மேல கிள்ளுனதா, கீழயா?”

ஒட்டுக்குக் கீழே இருப்பது கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாங்கன்று. அங்கே கிளம்பும் துளிர் அதனுடையதுதான். மேலே கட்டிய ரகத்தினுடையது அல்ல. பாடம் நடத்துகிற எனக்கு அது தெரியாதா? “உங்க வேலையப் பாருங்கம்மா” என்றேன்.

மறுநாள் அவர் விடுப்பு எடுத்து, பஸ் ஏறி உசிலம்பட்டி போய், ஒட்டுக்கு மேலிருந்து இலை பறித்து வந்தார். இரண்டு நாளில் சோதனைப் படத்தை என் மேசையில் வைத்தார். எல்லாக் கோடுகளும் தாய் மரத்தோடு பொருந்தியிருந்தன.

முதல் முடிவு எப்படித் தவறியது என்று மேலதிகாரி கேட்டார். “லேபிள் மாறியிருக்கும் சார்” என்று என் வாய் சொன்னது. லேபிள் ஒட்டுவது சுசீலாம்மா. அவர் அப்போது வாசலில்தான் நின்றார். மெமோ அவருக்குப் போனது.

சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றேன். “மெமோவுக்கு நான் பதில் எழுதிக்கிறேன். அந்த அண்ணனுக்கு மொதல்ல லெட்டர் போடுங்க சார். கன்னு அம்புட்டும் விக்காம நிக்குது” என்றார். போட்டேன். அதிலும் ‘லேபிள் பிழை’ என்றே எழுதினேன்.

சுசீலாம்மாவின் துக்க வீட்டில் சௌராஷ்டிர மொழியில் மெல்லப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் நடுவிலிருந்து அவர் மகள் எழுந்து வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“லேபிள மாத்தி ஒட்டுனவளேன்னு அப்பா கடைசி வரைக்கும் அம்மாவ கேலி பண்ணுவாரு சார். அம்மா சிரிச்சுக்கிட்டே போயிரும். அம்மா இருக்கும்போதே நீங்க வந்திருக்கலாம்.”

பதிவேட்டில் ‘லேபிள் பிழை’ என்பதைத் திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். சுசீலாம்மாவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது, இத்தனை வருடம் அவர் சுமந்த அந்தத் தவறைத்தான். அது என்னுடையது.