இளவரசியின் கடைசித் தாள்

1955ஆம் ஆண்டு ஜூன் 20, திங்கட்கிழமை. குற்றாலத்தில் காலைமுதல் சாரல். பதினொரு மணிக்கு ஒரு கீற்று வெயில். உடனே மீண்டும் சாரல். எங்கள் தென்காசி வாடகை நூல்நிலையத்தின் பருவகாலக் கிளையை, அருவிக்குப் போகும் சாலையில் அன்றுதான் திறந்தோம். ஆசிரியப் பணி கிடைக்கும்வரை இரண்டாண்டுகள் இரண்டுக்கும் நானே மேலாளன். கொடுத்த நூல் கொடுத்த வடிவிலேயே திரும்பி வருவதில்லை என்பதை, இரவல் கொடுத்து நொந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அருவியாடிய நூல்

முதல் வாடிக்கையாளர் சிவகாமி அம்மாள். திருநெல்வேலியிலிருந்து ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்குபவர். அவர் எடுத்துச் சென்றது ‘மாயக்கரை இளவரசி’ என்னும் தொடர்கதைத் தொகுதி. ஏழு வயதில் காட்டில் தொலைந்துபோன இளவரசியின் கதை அது. அவள் வீடு திரும்ப ஒரே வழிதான் உண்டு. அரசன் தடைசெய்த மந்திரம் ஒன்றைச் சொல்லி அருவியின் திரைக்குள் நுழைய வேண்டும். சொன்னால் வழி திறக்கும். ஆனால், பெற்ற தாய்க்கு அவள் முகம் அடியோடு மறந்துபோகும்.

மாலையில் நூல் சொட்டச் சொட்டத் திரும்பியது. பக்கத்துத் தேநீர்க் கடையின் அடுப்பருகே தாள் தாளாகப் பிரித்து உலர்த்தியபடியே, “அருவிக்கு நூலைக் கொண்டுபோகலாமா, அம்மா?” என்று கேட்டேன். “குளிக்க வந்த ஊர்ல எல்லாந்தான் நனையுது. ஒம் பொஸ்தகம் மட்டும் என்ன, குடை பிடிச்சா வந்துது?” என்றார்.

ஒரு தாள், இரு கதைகள்

அந்நாளைய வாடகை நூல்நிலையங்களில் பாதி நூல்கள், வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகளே. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தாளின் முன்பக்கம் ஒரு தொடருக்கும் பின்பக்கம் வேறொன்றுக்கும் உரியதாக அமைந்துவிடும். எந்தப் பகுதி நீளமோ அதன் தொகுதிக்குத் தாள் போகும். மற்றதைக் கையால் படியெடுத்து அதற்குரிய தொகுதியில் சேர்க்க வேண்டும். பிரிப்பதும் படியெடுப்பதும் என் வேலை. கதைகளை நான் படிப்பதில்லை. ஆனால், படியெடுக்கும்போது கண்ணில் படும் பிழைகளைத் திருத்தாமல் விட்டதும் இல்லை.

இதனை எல்லாரும் விரும்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். இலத்தூர் விவசாயி ஒருவர் ஒரு மர்மக் கதையைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: “நீங்க எழுதின பக்கத்துல மட்டும் திருடன்கூட பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி பேசுதான், தம்பி.”

நின்றுபோன தறிகள்

கடையநல்லூர் மீரான் பாய் கைத்தறி நெசவாளர். துணி கொண்டுவந்து தென்காசிக் கடையில் இறக்கிவிட்டு, மகள் ஜமீலாவுக்கு எங்களிடம் கதை நூல் எடுத்துப் போவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் உரக்கப் படிப்பார். வீட்டிலுள்ள அனைவரும் தறியில் இருந்தபடியே கேட்பார்கள். இளவரசியின் கதையை எடுத்துப்போன மறுவாரம் அவர் துணியின்றி வெறுங்கையோடு வந்தார். “மந்திரத்தைச் சொல்லுவாளா மாட்டாளான்னு எல்லாரும் தறி நாடாவைப் பிடிச்சிட்டுச் சும்மா இருக்காவ. அவ காட்டைவிட்டு வெளிய வந்தாத்தான் எனக்குத் துணி வரும், தம்பி.”

ஆனால், அவள் வெளியே வரவில்லை. கடைசி அத்தியாயம் தொகுதியில் இல்லை. அந்த வாரத்து இதழ் வந்து சேரவில்லை என்றே நான் நம்பினேன். எழுதிக் கேட்கலாமென்றால் இதழே நின்றுபோயிருந்தது. நூலுக்குள் ஜமீலாவின் சீட்டு ஒன்று இருந்தது: “முடிவை எப்படியாவது கண்டு பிடித்து தரவும்.” அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மற்றொன்று. நான் ஒருபோதும் பார்த்திராத அப்பெண்ணின் சீட்டுகளில் ‘பிடித்து’க்குப் பின் வர வேண்டிய ஒற்று எப்போதும் வராது. ஊரார் பிழைகளையெல்லாம் திருத்திய என் பேனா, அவற்றின்மீது மட்டும் படவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மீரான் பாயின் வண்டி தெருமுனையில் திரும்புகிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சொன்னார்: “பிள்ளைக்கு நிக்காஹ் முடிவாயிட்டு. மாப்பிள்ளைக்குக் கொழும்புல கடை. கப்பல் ஏறுமுன்ன அந்தக் கதை முடிவு தெரியணும்னு ஒத்தக்கால்ல நிக்கா.”

படியெடுக்காத படி

பதினைந்து நாள் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் தொகுதியை முதன்முறையாக முழுதும் படித்து, நானே எழுதினேன். இளவரசி மந்திரத்தைச் சொல்கிறாள், அருவி விலகுகிறது. அரண்மனை வாசலில் நிற்பவளைத் தாய் யாரோ என்று பார்க்கிறாள். மகள் ‘அம்மா’ என்று ஒருமுறை அழைக்கிறாள். முகத்தை மறக்கச் செய்த மந்திரத்தால் குரலை மறக்கச் செய்ய இயலவில்லை. நான்கு பக்கம் எழுதித் தொகுதியில் சேர்த்து, பழைய இதழிலிருந்து படியெடுத்தது என்று சொல்லி மீரான் பாயிடம் கொடுத்தேன். நானறிய நான் சொன்ன முதற்பொய் அது.

அடுத்த செவ்வாயன்று நூல் திரும்பியது. உள்ளே சீட்டு இல்லை. மீரான் பாய் சொன்னார்: “வாசிச்சிட்டு நல்லா அழுதா. ‘அப்ப எத்தனை வருசம் கழிச்சு வந்தாலும் உம்மாவுக்கு என்னைத் தெரியும், வாப்பா’ன்னு சொல்லிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சிட்டா.”

மோர்க்குழம்பின் மறுபக்கம்

1957ஆம் ஆண்டுச் சாரலில் சிவகாமி அம்மாள் சமையல் குறிப்புத் தொகுதியை எடுத்துப் போனார். மறுநாளே திரும்பி வந்து, தாள் ஒன்றைப் புரட்டிக் காட்டினார். முன்பக்கம் முழுவதும் மோர்க்குழம்பு. பின்பக்கத்தில் அரைப்பக்கம் கதை, அடியில் ‘முற்றும்’. குற்றாலத்தில் கிளை திறக்கும் அவசரத்தில், நீளமான பகுதிக்கே தாள் என்னும் விதிப்படி அதைச் சமையலோடு சேர்த்த நான், மறுபக்கத்தைப் படியெடுக்க மறந்திருக்கிறேன். இரண்டாண்டுகளாக அந்தத் தாள் என் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்திருக்கிறது.

அச்சில் வந்த முடிவு வேறு. தாய்க்கு மகளைத் தெரியவில்லை. வழிதவறி வந்த பெண் என்று எண்ணித் தண்ணீர் கொடுத்து, “நீ எந்த ஊர், குழந்தாய்?” என்று கேட்கிறாள். இளவரசி காட்டின் பெயரைச் சொல்லுகிறாள். சிவகாமி அம்மாள் கேட்டார்: “கொழம்பு தாளிக்கப் போன எடத்துல என்னை இப்படி அழ வைக்கலாமா, தம்பி?”

மீரான் பாயிடம் கொழும்பு முகவரி கேட்டேன். முகவரியோடு, “கதையில வந்த மாதிரி வருவேன்னு உம்மாவுக்குக் கடுதாசி போட்டிருக்கா” என்றும் சொன்னார். நான் எதையும் அனுப்பவில்லை.

விண்ணப்பப் படிவம்

1964ஆம் ஆண்டு, தென்காசியில் நான் ஆசிரியனாக இருந்த பள்ளியில், சேர்க்கை நாளன்று ஒரு படிவம் என் மேசைக்கு வந்தது. ‘சேர்த்து கொள்ளவும்’ என்று ஒற்றின்றி முடிந்திருந்தது. சிவப்பு மையைத் தொட்ட பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். பெயரைப் படிக்காமலே தெரிந்துவிட்டது.

“உங்கள் தாயார் நலமா?” என்று கேட்டேன். இறந்து மூன்றாண்டுகள் ஆயின என்றார்; தந்தி கிடைத்தும் வர முடியவில்லையாம். நூல்நிலையத்தை விட்டு வரும்போது வாங்கிவந்த சமையல் தொகுதி, பள்ளியிலேயே என் அலமாரியில் இருந்தது. மறைக்க மனம் வரவில்லை. நான் யாரென்று சொல்லி, அதை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். “அந்த நாலு பக்கத்துல எல்லாரும் வாத்தியார் மாதிரி பேசினாங்க; நீங்க எழுதினதுன்னு எனக்கு அப்பவே தெரியும், சார். உம்மா இருந்திருந்தா குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருப்பா. நீங்க எழுதினதுதான் சரி.”

அவருடைய மகள் எங்கள் பள்ளியிலேயே படித்து முடித்தாள். ஜமீலா கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை; கடையநல்லூரில் தந்தையின் தறிகளைக் கவனித்துக்கொண்டார். நான் விலகிய இரண்டாண்டுகளிலேயே நூல்நிலையம் மூடப்பட்டிருந்தது. தொகுதிகள் பழைய தாள் எடைக்குப் போயின. சமையல் தொகுதி மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தத் தாளை நான் இன்னும் படியெடுக்கவில்லை.

பணிக்காலம் முழுவதும் பிறர் பிழைகளைத் திருத்திச் சம்பளம் பெற்ற நான், என் வாழ்நாளில் திருத்தாமல் விட்டவை ஓர் ஒற்றும் ஒரு பொய்யுமே.